ஒரு டம்ளர் ஜூஸ், ஒரு கிண்ணம் தோல்

— பொய் சொல்லாதம்மா. என் பொண்ணுக்கு நீ என்னத்தையோ கலந்து கொடுத்திருக்க. இல்லன்னா நாலு சுத்து ஓட்டத்துல மூணாவது சுத்துலயே வயித்தப் பிடிச்சிட்டு உக்காருவாளா? புரியுதா நான் கேக்கறது?

— கொஞ்சம் தள்ளி நில்லுங்க கோச் சார், பானை சுடும். சுவத்துல அட்டவணை ஒட்டினீங்களே, அதுல இருக்கறதத்தான் கொடுத்தேன். காலைல ஆரஞ்சு ஜூஸ், பத்து மணிக்கு ஆப்பிள் ஜூஸ், சாயங்காலம் திராட்சை ஜூஸ். உங்க கையெழுத்துதானே?

— என் கையெழுத்துதான்! இந்த ஹாஸ்டல்ல எட்டுப் பொண்ணுங்க ஓடுதுங்க. அதுல என் பொண்ணு ஒருத்திக்கு மட்டும் பழமாப் பிழிஞ்சு கொடுக்கச் சொன்னேன். அவ தோத்துட்டா. குப்பைல போட வேண்டிய காய்கறித் தோல அவிச்சுக் கொடுப்பியே, அதக் குடிச்ச ஏழு பேர்ல அந்தக் கட்டச்சி கழுத்துல மெடலோட சுத்தறா. எப்படி? புரியுதா, எப்படி?

— அந்தத் தோலுனாலதான் சார்.

— என்னது?

— உருளைக்கிழங்குத் தோல், கேரட் தோல், பீட்ரூட் தோல். மண்ணு போகத் தேய்ச்சுக் கழுவி, வேக வெச்சு, ரெண்டு மிளகு தட்டிப் போட்டா சூப்பு. மத்த ஏழு பேருக்கும் தினம் ஆளுக்கொரு கிண்ணம். எனக்கென்ன சார் தெரியும், நான் சமையல்காரி. போன வருஷம் வந்தாங்களே சத்துணவு டாக்டரம்மா, அவங்க இந்தச் சமையல் மேடை மேல உக்காந்து சொல்லிக் கொடுத்தாங்க. பழத்தப் பிழிஞ்சு வடிகட்டினா நார் பூரா சல்லடையிலயே நின்னுடுமாம். டம்ளர்ல விழறது இனிப்புத் தண்ணி, கூடக் கொஞ்சம் விட்டமின். சட்டுனு தெம்பு ஏறும், சட்டுனு இறங்கும். தோல்ல நாரும் இருக்கு, இரும்புச் சத்தும் இருக்கு. நின்னு வேலை செய்யுமாம்.

— இத ஏன் எங்கிட்ட சொல்லல?

— சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லல.

— ஏய்!

— இந்த ஏய் எல்லாம் வேணாம் சார். டாக்டரம்மா உங்களுக்குன்னே ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தாங்க. மாவு டின்னுக்கு அடியில இருக்கு, எடுத்துப் படிங்க. ரெண்டையும் சேத்துக் கொடுத்தா பிள்ளைங்களுக்கு இன்னும் நல்லதாம். நான் சேக்கல. ஒரு வருஷமா உங்க பொண்ணு டம்ளர வழிய வழிய ஊத்தினேன். இன்னும் கொஞ்சம் குடி கண்ணு, இன்னும் கொஞ்சம்னு ஊத்தினேன்.

— நீயெல்லாம் மனுஷியா? அது குழந்தைம்மா. அது உன்ன என்ன பண்ணுச்சு?

— எம்பொண்ணு உங்கள என்ன பண்ணா? ரெண்டு வருஷம் முன்னாடி தேர்வு ஓட்டத்துல உங்க பொண்ண இருபதடி பின்னாடி விட்டா. அவ்வளவுதான். பேர அடிச்சிட்டீங்க. ஏன் சார்னு கேக்க வந்தவ கையில இந்தச் சூப்புக் கிண்ணம் இருந்துச்சு. அதப் பாத்துட்டு, மைதானமே கேக்கற மாதிரி என்ன சொன்னீங்க? ஞாபகம் இருக்கா?

— அது ஏதோ... கோவத்துல வாய் தவறி...

— குப்பையத் தின்னு வளந்த காலு குப்பை பொறுக்கத்தான் ஓடும்னீங்க. ஷூவக் கழட்டிட்டு வெறுங்காலோட வீட்டுக்கு நடந்தா சார் எம்பொண்ணு. பதினாறு வயசு. இப்ப ஒரு கம்பெனில நின்ன கால்லயே நின்னு அட்டைப்பெட்டி மடிக்கிறா. அதுக்கப்புறமும் இவ ஏன் இங்கயே கிடந்து நமக்குப் பொங்கிப் போடறான்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா? இன்னிக்கு அந்த மைதானத்துல உங்க மூஞ்சி போச்சே, அதப் பாக்கத்தான்.

— உன்ன இப்பவே வேலைய விட்டுத் தூக்கறேன். புரியுதா?

— தூக்குங்க. காரணம் என்னன்னு எழுதுவீங்க? 'நான் சொன்னத ஒரு சொட்டு குறையாமச் செஞ்சா'ன்னா?

— அப்பா...

— நீ ஏன் பாப்பா எந்திரிச்சு வந்த? போய்ப் படு. உன் கால ஒடிச்சது இந்தம்மாதான், இப்பதான் அவ வாயாலயே ஒத்துக்கிட்டா.

— எல்லாத்தையும் கதவுக்கிட்ட நின்னு கேட்டேன்பா. எனக்கு ஒண்ணும் ஆகல. அத்தை கொடுத்த ஜூஸ நான் தனியாக் குடிச்சதே இல்ல.

— என்ன கண்ணு சொல்ற? நான் என் கையாலதானே ஊத்தினேன். டம்ளர் காலியாத்தானே வந்துச்சு!

— நான் ஒரு வாய், மத்தவங்க ஆளுக்கு ஒரு வாய், அத்தை. சூப்புலயும் எனக்குப் பங்கு வெப்பாங்க. எட்டுப் பேருக்கும் ஒரே சாப்பாடுதான், வருஷம் பூரா.

— அப்ப ஏன் பாப்பா விழுந்த?

— விழலப்பா, நானாத்தான் உக்காந்தேன். அத்தை பொண்ணு ஓட வேண்டிய ஓட்டம் அது. நான்தான் முன்னாடி போயிட்டிருந்தேன். நீங்க எல்லாருக்கும் கையக் காட்டி, அதோ என் பொண்ணுன்னு எந்திரிச்சு நின்னீங்க பாருங்க, அதுக்குத்தான் காத்திருந்தேன்.