ஒரு கோடு குறையுது

— வேலி எங்கை பிள்ளை?

— எந்த வேலி அங்கிள்?

— இந்தச் சீவரத்தினத்தின்ரை வளவுக்கும் அந்தக் கனகரத்தினத்தின்ரை வளவுக்கும் நடுவிலை நிக்கிற வேலி. வீட்டைப் பாத்துப் படம் கீற வந்தநேரம் கண்டனிதானே? அதுக்குப் பக்கத்திலை நிண்டுதானே தேத்தண்ணி குடிச்சனி?

— ஓம் அங்கிள். நல்ல தேத்தண்ணி.

— தேத்தண்ணியை விடு. இந்தா, நீ செய்துதந்த கலியாணக் காட். என்ரை மகள் நிவேதனாவின்ரை பேர் கிடக்கு, சரி. என்ரை வீடு கிடக்கு. கிணறு கிடக்கு. ஆடு கூடக் கிடக்கு. பக்கத்திலை அவன்ரை வீடும் கிடக்கு. வேலி மட்டும் இல்லை. விளங்குதோ? பாக்கிறவன் ரெண்டும் ஒரே வளவு எண்டெல்லோ நினைப்பான்.

— வளவு பெரிசாத் தெரிஞ்சால் உங்களுக்கு லாபம்தானே?

— பகிடி விடாதை சுபாஜினி.

— சரி அங்கிள். ஒரு கோடுதானே குறையுது.

— அந்தக் கோட்டுக்காகத்தானே பிள்ளை நான் கோட்டுக்குப் போறன்! நீ பாவாடை சட்டையோடை திரிஞ்ச காலத்திலை போட்ட வழக்கு. நீதிபதிமார் மாறிட்டினம், வாதாடுற அப்புக்காத்துமார் மாறிட்டினம், வழக்கு மட்டும் அப்பிடியே கிடக்கு. ஒவ்வொருமுறை வேலி அடைக்கேக்கையும் அவன்ரை கதியால் தடி ஒரு சாண் இஞ்சாலை நடந்து வரும்.

— அவர் உங்கடை கதியால்தான் நடக்குது எண்டு சொல்லுவார் போலை.

— சொல்லுவான். உவன் எதுதான் சொல்லான்? அதை விடு. வேலி எப்பிடி இல்லாமப் போச்சு, அதைச் சொல்லு.

— அங்கிள், நான் கொம்பியூட்டரிலை தட்டுத் தட்டாத்தான் கீறுறது. கண்ணாடிக்கு மேலை கண்ணாடி வைச்ச மாதிரி. வீடு ஒரு தட்டிலை, மரம் ஒண்டிலை, வேலி ஒண்டிலை. பூமரத்துக்கு நிறம் அடிக்கேக்கை இடைஞ்சலா நிண்டுதெண்டு வேலியை ஒருக்கா மறைச்சு வைச்சனான். திருப்பிக் கொண்டுவர மறந்து அப்பிடியே அச்சுக்கு அனுப்பிப்போட்டன்.

— வேலியை மறைச்சு வைக்கலாமோ?

— கண் மாதிரி ஒரு குறி இருக்கும் அங்கிள். அதை அமத்தினால் வேலி போயிடும்.

— எங்கடை அப்புக்காத்துக்கு உது தெரியாமப் போச்சே.

— ஏசுறதெண்டால் ஏசுங்கோ. ஆனால் திருப்பி அச்சடிக்கச் சொல்லாதேங்கோ. லீசிங் கொம்பனி வேலையை விட்டுட்டு வந்த எனக்குக் கிடைச்ச முதல் பெரிய வேலை உங்கடைதான். இது பிழையாப் போச்செண்டால் அம்மா நாளைக்கே என்னைத் திருப்பி லீசிங்குக்கு அனுப்பிப்போடுவா. பிறகு நான் தவணை கட்டாதவையின்ரை ஓட்டோவைப் பறிச்சுக்கொண்டு திரியவேணும். பொறுங்கோ, பேனை எடுக்கிறன்.

— பேனை எதுக்கு?

— குடுக்காமல் மிஞ்சிக் கிடக்கிற காட் எல்லாத்திலையும் கையாலை வேலி கீறித்தாறன்.

— பேனையை வை.

— கதியால் கதியாலாக் கீறுறன் அங்கிள், எல்லை ஒரு மயிர் பிசகாது...

— பேனையை வை எண்டுறன்! கீறிக் கெடுத்துப்போடாதை.

— என்ன அங்கிள்?

— நேற்றுப் பின்னேரம் ஆரோ படலையைத் திறக்கிற சத்தம். பாத்தால் கனகரத்தினம். கையிலை இந்தக் காட். நான் குடுக்கேல்லை, சந்தையிலை ஆரிட்டையோ வாங்கியிருக்கிறான். வழக்குப் போட்ட நாளிலையிருந்து அவன் என்ரை முகத்தைப் பாத்ததில்லை. கோட்டிலையும் நீதிபதியைத்தான் பாப்பான்.

— சண்டைக்கோ வந்தவர்?

— நானும் அப்பிடித்தான் நினைச்சன். மண்வெட்டி எங்கை கிடக்கெண்டு கண்ணாலை பாத்து வைச்சனான். அவன் படத்தைத் தொட்டுக் காட்டினான். “சீவா, இதிலை என்ரை வீட்டுச் சுவருக்கு மஞ்சள் அடிச்சிருக்கு. கலியாணத்துக்கு வாற சனம் படத்தையும் வீட்டையும் ஒத்துப் பாக்குமெல்லோ. அதுக்குள்ளை அடிச்சு முடிச்சுப்போடுறன்” எண்டான்.

— ஐயோ, அது நான் சும்மா வடிவுக்கு அடிச்ச மஞ்சள் அங்கிள்.

— மூச்சு விட்டிடாதை. பெயின்ற் வாங்கிட்டான். பிறகு கேட்டான், “வேலியைக் கீறவேண்டாம் எண்டு நீயோ சொன்னனி?” எண்டு.

— நீங்கள் என்ன சொன்னியள்?

— என்ரை மகளை நேசறிப் பள்ளிக்கூடத்துக்குத் தோளிலை காவிக்கொண்டு போனவன் பிள்ளை அவன். அவள் மணவறையிலை இருக்கேக்கை, உவன் வேலிக்கு அங்காலை நிண்டு மேளச்சத்தத்தை மட்டும் கேக்கப்போறானே எண்டு எனக்கு நித்திரையே இல்லை. போய்க் கூப்பிட வாய் வருகுதில்லை. அவனாக் கேட்டோடனை, ஓம், நான்தான் சொன்னனான் எண்டிட்டன்.

— அவர்?

— அழுதான். நானும் கொஞ்சம். இண்டைக்குக் காலமை பந்தல்காரன் வந்து ரெண்டு வளவையும் சேத்து அளந்துகொண்டு போனவன்.

— அப்ப என்னை ஏச வரேல்லையோ?

— ஏசவோ? ஓட்டோவிலை ஒரு மூடை வெங்காயம் கிடக்கு, வந்து ஒரு பக்கம் பிடி.

— வெங்காயம் எதுக்கு அங்கிள்?

— நன்றி எண்டு வாயாலை சொல்ல எனக்குக் கூச்சம். விளங்குதோ? கொம்மாவிட்டைச் சொல்லு, ஓட்டோ பறிக்க வேறை ஆக்கள் இருக்கினம், காட் கீற நீதான் இருக்கிறாய் எண்டு. கனகரத்தினத்தின்ரை மகன் மயூரதனுக்கும் பொருத்தம் பாக்கினம். அந்த வேலையும் உனக்குத்தான், நான் கதைச்சிட்டன்.

— இதுக்கு நான் உங்களுக்கு என்ன செய்ய அங்கிள்?

— ஒரேயொரு உதவி மட்டும் செய். அவன் உன்னட்டை வந்து விசாரிச்சால், தட்டு, கண், மறந்தது எண்டு ஒரு கதையும் எடுக்காதை. சீவரத்தினம்தான் வேலியை விடச்சொன்னவர் எண்டு சொல்லு. பொய்தான். எனக்காக அந்தப் பொய்யை ஒருக்காச் சொல்லிவிடு.

— அந்தப் பொய்யை நேற்று மத்தியானமே பயத்திலை சொல்லிப்போட்டன் அங்கிள். உங்கடை படலைக்கு வரமுதல் அவர் என்ரை வாசலுக்குத்தான் வந்தவர்.