சாதா பெட்டியும் கண்ணு டெஸ்ட்டும்

புதுவாயலில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிர் சீட்டில் கம்பெனி ஐடி கார்டு மாட்டிய இரண்டு பெண்கள்.

"கேபிள்காரன் பொட்டிய கழட்டி அவன் கைலயே குடுத்துட்டேன்டி," என்றாள் மூத்தவள்.

"ஏன்க்கா?"

"பின்ன இன்னா? நான் வாங்கினது எச்.டி. டிவி. அவன் மாட்டினது சாதா பொட்டி. மூஞ்சியெல்லாம் மசமசன்னு தெரியுது. கேட்டா, இதான் எச்.டி.ன்றான்."

"மாமா இன்னா சொன்னாரு?"

"அவன்கூட சேந்துகினு, 'படம் நல்லாத்தான் கீது, உனக்குத்தான் கண்ணு கோளாறு'ன்றாரு. தெருவுல எல்லாரும் அவன் லைன்தானாம், பகைச்சிக்கக் கூடாதாம். நாளைக்கு மாடியில டிஷ் மாட்டறேன், எவன் தடுக்கிறான்னு பாக்கறேன்."

"உனக்கா கண்ணு கோளாறு?" சின்னவள் சிரித்துவிட்டாள்.

"அதான் கேட்டுட்டேன். 'யோவ், தெனம் ஷிப்ட்டு முழுக்க டிவி ஸ்க்ரீன்ல ஒரு புள்ளி இருந்தாக்கூட கண்டுபுடிச்சி ரிஜெக்ட் பண்றவ நானு. என்னை கண்ணு டெஸ்ட் பண்ணித்தான் கம்பெனில எடுத்தாங்க. உன்னை மாப்ளயா பாக்கறப்பதான் எங்க ஊட்ல ஒரு டெஸ்ட்டும் பண்ணல'ன்னு."