கதவெரிச்ச வீடு

இந்தப் பக்கம் ரயிலே வராத காலம். கண்மாய்க் கரையில இன்னைக்கு நிழல் குடுக்குற புளியமரமெல்லாம் கொட்டைக்குள்ள ஒறங்கிக்கிட்டிருந்த காலம். மாவிலங்கேந்தல்னு ஒரு ஊரு. அந்த ஊருக்கு வெளிய, ஓடையைத் தாண்டி, ஒரு சுண்ணாம்புக் காளவாசல். காளவாசலுக்குப் பக்கத்துல ஒரு குடிசை. அந்தக் குடிசையில ஒரு பொம்பள இருந்தா. பேரு சடைச்சி. எங்க பூட்டனைப் பெத்த ஆத்தா அவதான். உம் கொட்டிக்கிட்டே கேளுங்க. நீங்க உம் கொட்டலேன்னா எனக்குக் கதை ஓடாது.

சடைச்சி புருசன் பேரு மாயழகு. ரெண்டு பேரும் ஓடையில சுக்கான்கல்லு பொறுக்குவாக. காளவாசல்ல அடுக்கித் தீ வைப்பாக. வெந்த கல்லுல தண்ணி தெளிச்சா, பொசபொசன்னு வெடிச்சு வெள்ளையா மலரும். அதைக் கழுதை மேல ஏத்தி ஊருக்குள்ள கொண்டு போவாக. மாவிலங்கேந்தல்ல எந்தச் சுவரைத் தட்டினாலும் அவுக சுண்ணாம்புதான் உதிரும். கோயில் மதிலு அவுக சுண்ணாம்பு. மணியக்காரரு மாடி அவுக சுண்ணாம்பு. ஊரு வெத்திலை போட்டுச் செவக்குதே வாயி, அதுவும் அவுக சுண்ணாம்பு. அவுக வீடு? மண்ணு. சுண்ணாம்பு சுடுற சனம் சுண்ணாம்பு பூசின வீட்டுல குடியிருக்கப்படாதுன்னு ஊருக்கட்டு. யாரு போட்ட கட்டு? தெரியாது. எப்பப் போட்டது? தெரியாது. ஆனா எல்லாரும் சொல்லுவாகளாம், கட்டுன்னா கட்டுதான்னு.

ஒரு ஐப்பசி. அடைமழை. விடாம ஊத்துது. குடிசையோட மண்சுவரு ஊறி ஊறி, உள்பக்கமாச் சாஞ்சிருச்சு. சுவத்தோரமாத்தான் மூத்த பிள்ளை வெளையாடிக்கிட்டு இருந்துச்சு. அப்பத்தான் நடை பழகின பிள்ளை.

அதுக்கு மேல எங்க வீட்டுல யாரும் அதைச் சொல்ல மாட்டாக. நானும் சொல்லல.

மழை விட்டதும் மாயழகு மறுபடியும் மண்ணைக் குழைச்சுச் சுவரு வைக்கப் போனானாம். சடைச்சி அவன் கையப் புடிச்சுக்கிட்டாளாம். "ஊருச் சுவரையெல்லாம் நிக்க வச்சோம். நம்ம சுவரு நம்ம பிள்ளை மேலயே விழுந்திருச்சு. இனிமே இந்த மண்ணுக்குள்ள நான் பிள்ளை வளக்க மாட்டேன்" அப்படின்னாளாம். மாயழகு என்ன சொல்லுவான்? "சரி புள்ள"ன்னான். சரின்னு சொல்லிட்டு, வேற வழியில்லாம சுவரு வச்சான். அதுக்குள்ளதான் இன்னும் ரெண்டு பிள்ளைக பெறந்துச்சு. அழகின்னு ஒண்ணு, சேவுகன்னு ஒண்ணு. சேவுகன்தான் எங்க பூட்டன். மேகம் கறுத்தா போதும், சடைச்சி ரெண்டையும் தூக்கி இடுப்புக்கு ஒண்ணா வச்சுக்கிட்டு வெட்டவெளியில போயி நிப்பாளாம். நனைஞ்சாலும் நனையும், நசுங்காதுல்ல?

இப்படி இருக்குறப்ப, ஊரு நடுத்தெருவுல ஒரு வீடு பாழாக் கெடந்துச்சு. பெரிய வீடு. வாந்திபேதியில பாதிச் சனம் போக, மிச்சச் சனம் மதுரைப் பக்கம் போயிட்டாக. அந்த வீட்டுல ஆளு தங்கினா ரத்தம் கக்கும்னு ஊருல பேச்சு. பேச்சைக் கெளப்பினது யாருன்னு கேக்குறீகளா? மணியக்காரரு மாடுக அந்த வீட்டு முத்தத்துலதான் கட்டிக் கெடந்துச்சு. ரத்தம் கக்குற வீட்டுல மாடு மட்டும் கொழுகொழுன்னு இருந்துச்சாம். புரிஞ்சுக்கிருங்க.

அந்த வீட்டுக்கு மிச்சமிருந்த வாரிசு ஒருத்தரு, நல்லபெருமாள்னு பேரு, வீட்டை வித்துட்டுப் போகலாம்னு ஊருக்கு வந்தாரு. மணியக்காரருக்குப் பயந்து ஒருத்தரும் வாங்கல. மனுசன் வெயில்ல திரும்பிப் போறப்ப, காளவாசல் பக்கம் நிழலுக்கு ஒதுங்கினாரு. சடைச்சி கேட்டாளாம்.

"ஐயா, அந்த வீட்டை எனக்குத் தருவீகளா?"

"தாயி, ஊரு விடுமா?"

"ஊருகிட்டயா வாங்குறேன்? உங்ககிட்டதானே வாங்குறேன்."

அவரு சிரிச்சுப்புட்டாராம். சடைச்சி சிரிக்கல. காதுல கெடந்த தண்டட்டி ரெண்டையும் கழட்டி முன்னால வச்சா. கழுதைகள்ல ரெண்ட நிப்பாட்டிக்கிட்டு மத்ததையெல்லாம் வித்துக் குடுத்தா. அன்னையிலேருந்து சாகுற வரைக்கும் அவ காது வெறுங்காதா, தோளு வரைக்கும் தொங்கிக்கிட்டு, நடந்தா ஆடுமாம். ஊர்ப் பிள்ளைக சிரிக்குமாம். "ஆடட்டும்டா. எங்காது ஆடுது, என் சுவரு ஆடாது"ம்பாளாம்.

மறுநாக் காலையில குடும்பத்தோட போனா. முத்தத்துல மணியக்காரரு மாடுக. அவளே அவுத்தா. நடுத்தெருவுல ஓட்டிக்கிட்டுப் போயி அவரு வாசல்ல நிப்பாட்டினா.

"ஐயா! உங்க மாடுக வழி தவறி எங்க வீட்டுக்கு வந்திருச்சு. புடிச்சுக் கட்டிக்கிருங்க."

சொல்லிட்டு, திரும்பி வந்து சேலைய வரிஞ்சு கட்டினாளாம்.

அப்புறம் வேலை. என்ன வேலை! முட்டளவு சாணி. மோட்டுல வௌவாலு. கூரை பாதி உள்ள கெடக்கு. சுவத்துல பூசின சுண்ணாம்பெல்லாம் என்னைக்கோ உதிந்து வெறும் செங்கல்லு தெரியுது. அடுப்படிச் சுவத்தப் பிளந்துக்கிட்டு ஒரு அரசமரம். அரிசிப் பானை வைக்கிற மூலையில ஒரு சாரைப்பாம்பு. அழகி சாணி அள்ளுறா, சேவுகன் ஓட்டாஞ்சில்லு பொறுக்குறான், மாயழகு அரச வேரை வெட்டுறான், சடைச்சி பாம்புகிட்டப் பேசுறா: "நீயும் எம்புட்டு நாளுதான் ஓசியில இருப்ப? பைய எந்திரிச்சுப் போ." போயிருச்சாம். அப்படித்தான் சொல்லுவாக.

ஒரு நாளு மணியக்காரரு ஆளுகளோட வந்தாரு. வாசல்ல நிக்கல, தெருவுல நின்னாரு.

"இந்தா, சடைச்சி. வாங்கினது வாங்கிட்ட. இருந்துக்க. ஆனா ஒண்ணு. இந்தத் தெருவாசல் வழியா நீயும் வரப்படாது, உன் கழுதையும் வரப்படாது. பின்னால கொல்லைச் சுவத்துல இடிஞ்ச ஓட்டை இருக்குல்ல, அது வழியா வந்துக்க. தெருக் கிணத்துல வாளி போடப்படாது. தெரிஞ்சுச்சா?"

மாயழகு துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டான். சடைச்சி மண்வெட்டிய எடுத்துக் கையில வச்சுக்கிட்டா.

"ஐயா, வாசலு எங்கன இருக்கோ அங்கனதானே வர முடியும்? நான் வைக்கலையே வாசலை. உங்க பாட்டன் காலத்துல வச்ச வாசலு."

அதுக்கப்புறம் ஆசாரி வரலை. ஓடு போடுற வேளாரு வரலை. கேட்டா, "ஆத்தா, எனக்கு ஒண்ணும் இல்ல, மணியக்காரரு..."ன்னு இழுப்பாக. "சரி, வராத. உங்க வீட்டுச் சுவத்துக்கு மட்டும் நான் வரணும், இல்ல?"ன்னுட்டு வந்துருவா. பனைய அறுத்து அவுகளே உத்திரம் போட்டாக. பனை ஓலைய வெட்டி அவுகளே மேஞ்சாக. தண்ணி கண்மாயிலேருந்து கழுதை மேல வந்துச்சு. எந்த வழியா? தெருவாசல் வழியாத்தான். மாயழகு கொல்லையப் பாத்துக் கழுதையத் திருப்புவான். சடைச்சி தும்பப் புடிச்சு வாசலுக்கு இழுப்பா. அந்தக் கழுதைக்கு வெறுத்துப் போயிருக்கும்.

சுண்ணாம்பு தேடி ஊராளுக வருவாகல்ல? முன்னெல்லாம் வீடு வீடாப் போயிக் குடுப்பா. இப்பப் போகல. வெத்திலைக்குச் சுண்ணாம்பு இல்லாம வாயெல்லாம் பச்சையா, ஒவ்வொருத்தரா கொல்லைப் பக்கம் வந்து செருமினாக.

"சடைச்சி, துளி சுண்ணாம்பு..."

"பின்னால சுண்ணாம்பு இல்ல. முன் வாசல்ல இருக்கு. வந்து வாங்கிக்கிருங்க."

மொதல்ல மொறைச்சாக. அப்புறம் தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்தாக. அப்புறம் தலையக் குனியாமலே வந்தாக. வெத்திலைக்கு ஏது மானம்?

இது மணியக்காரரு கண்ணுல படாம இருக்குமா? ஊரே அந்த வாசல்ல நிக்குதேன்னு பொறுக்கல. சடைச்சி குடும்பத்தோட காளவாசலுக்குப் போயிருந்த நேரமாப் பாத்து ஆள விட்டாரு. அந்தக் கதவு இருக்கே, ரெட்டைக் கதவு. தேக்கு. தாமரைப்பூ செதுக்கி, பித்தளைக் குமிழு வச்ச கதவு. அந்த வீட்டுல பழுதாகாம மிஞ்சினது அது ஒண்ணுதான். அதைச் சாத்தி, குறுக்க பலகைய வச்சு, விரலு தண்டி ஆணியா அடிச்சுப்புட்டாக.

சடைச்சி வந்தா. பாத்தா. தெருவுல ரெண்டு பக்கமும் சனம். மணியக்காரரு மாடியில நிக்கிறாரு. மாயழகு சொன்னான், "வா புள்ள, இன்னைக்கு மட்டும் கொல்லை வழியாப் போயிருவோம்." அவனுக்கும் களைப்பு. பாவம், அவனைக் குத்தம் சொல்லப்படாது.

சடைச்சி கழுதைகிட்டப் போனா. அது மேல கெடந்த, காளவாசல்ல கல்லு நெம்புற கடப்பாரைய எடுத்தா. பலகையப் பேத்தா. சனம் அதோட முடிஞ்சுச்சுன்னு நெனைச்சுச்சு. அவ நிப்பாட்டல. கதவுக்கு அடியில கடப்பாரையக் குடுத்து, நிலைக்குழியில நின்னு சுத்துற குடுமியோட நெம்பினா. ஒரு கதவு வந்துச்சு. இன்னொரு கதவும் வந்துச்சு.

"ஏய், என்ன செய்யிற நீ!"ன்னு மாயழகு கத்துறான்.

"கதவு இருந்தாத்தானே ஆணி அடிப்பாக?"

ரெண்டு கதவையும் ரெண்டு கழுதையில கட்டினா. நடுத்தெருவுல, பட்டப்பகல்ல, மணியக்காரரு மாடிக்குக் கீழ ஓட்டிக்கிட்டுப் போனா. காளவாசல்ல அன்னைக்குக் கல்லு அடுக்கித் தயாரா இருந்துச்சு. வெறகுக்குப் பதிலா அந்தத் தேக்கைப் பிளந்து அடியில வச்சா. தீ வச்சா. தாமரைப்பூவெல்லாம் எரிஞ்சுச்சு. பித்தளைக் குமிழு உருகி ஓடுச்சு. அந்தச் சூட்டுல வெந்த சுண்ணாம்பக் கொண்டு வந்துதான் அந்த வீட்டுச் சுவரெல்லாம் அடிச்சா. உள்ளயும் அடிச்சா, வெளியயும் அடிச்சா. பாத்தா கண்ணு கூசுற வெள்ளை.

மாயழகு அன்னைக்கு முழுக்கப் புலம்பினானாம். "தேக்குடி... வித்திருந்தா ஓடு போட்டிருக்கலாமேடி..." சடைச்சி கடைசியா அவன் பக்கம் திரும்பினாளாம். "எனக்குத் தெரியாதா? அது எம்புட்டு அழகான கதவு!"ன்னு சொல்லிட்டு, அப்பத்தான் உக்காந்து அழுதாளாம்.

ஊருக்கூட்டம் போடுற மந்தைக்குக் கூப்பிட்டாக. போனா. மணியக்காரரு கேட்டாரு.

"ஊருக் கட்டை மீறி வெள்ளை அடிச்ச. கதவை எரிச்ச. என்ன திமிரு உனக்கு?"

"என் கதவு. என் காளவாசலு. என் சுவரு."

"கட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருந்துச்சு. அந்தக் கட்டைக் காப்பாத்தி ஒரு பிள்ளையக் குடுத்தேன். இன்னும் ரெண்டு இருக்கு. குடுக்க மாட்டேன்."

மணியக்காரரு பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொன்னாராம்: "கதவில்லாத வீட்டுல எம்புட்டு நாளு இருப்ப? நாயி வரும். நரி வரும். கள்ளன் வருவான்."

"வரட்டுமே. வாரவுகளுக்குக் கஞ்சி இருக்கு."

ஐப்பசி வந்துச்சு. மழை வந்துச்சு. அந்த வருசத்து மழைய இன்னைக்கும் பேச்சுக்குச் சொல்லுவாக. ஓடை பெருகி, கீழத்தெருக் குடிசையெல்லாம் ஒவ்வொண்ணாக் கரையுது. உச்சிப்பொழுது, ஆனா கருக்கல் மாதிரி இருட்டிக் கெடக்கு. சனம் பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு மேட்டுல இருக்குற நடுத்தெருவுக்கு ஓடி வருது. கதவு கதவாத் தட்டுது. சில கதவு தொறக்குது, சில கதவு தொறக்கல. ஒரு வீட்டுல மட்டும் தட்டுறதுக்குக் கதவே இல்ல. நேரா உள்ள வந்தாக. ஆசாரி வந்தாரு. வேளாரு வந்தாரு. ஆணி அடிச்சவனும் வந்தான். சடைச்சி அடுப்படியிலேருந்து எட்டிக்கூடப் பாக்கலையாம். "உள்ள தள்ளி உக்காருங்க, பின்னால வாரவுகளுக்கு எடம் விடுங்க"ன்னு சத்தம் மட்டும் வந்துச்சாம்.

கஞ்சி எம்புட்டுத்தான் காணும்? பானை தீந்து போச்சு. அப்ப மழையில நனைஞ்சுக்கிட்டு ஒரு பொம்பள வாசல்ல வந்து நின்னா. மணியக்காரரு மருமக, மீனாள். நின்னவ, மாமனாரு மாடிய நிமிந்து பாத்து, மாடிக்குக் கேக்குற மாதிரிச் சத்தமாச் சொன்னா:

"ஆத்தா! சுண்ணாம்பு வாங்க வந்தேன்!"

மடி நெறைய அரிசி.

சடைச்சி அப்பத்தான் அடுப்படிய விட்டு வெளிய வந்தாளாம். "உள்ள வா தாயி. சுண்ணாம்பு நெறைய இருக்கு."

மழை வெறிக்கிற வரைக்கும் சனம் அங்கதான் கெடந்துச்சு. பனை உத்திரம் நின்னுச்சு. சுவரு நின்னுச்சு. ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் இல்ல.

அதோட மணியக்காரரு திருந்திட்டாருன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். சாகுற வரைக்கும் அந்த வாசலைத் தாண்டும்போது மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிட்டுத்தான் போவாராம். ஆனா அந்தக் கட்டை மறுபடி யாரும் வாயால சொல்லல. அடுத்த கோடையில கீழத்தெருவுல சுண்ணாம்புச் சுவரு ஏறுச்சு. ஆசாரி தானா வந்து, "ஆத்தா, கதவு ஒண்ணு செஞ்சு மாட்டிருவோம்"னாரு. சடைச்சி வேண்டாம்னுட்டா. "தொறந்து தொறந்து சாத்துற வேலை மிச்சம், போப்பா"ன்னாளாம்.

அதனாலதான் எங்க ஊருல புது வீடு கட்டினா, கதவு மாட்டாமத்தான் பால் காய்ச்சுவாக. காலையிலேருந்து பொழுது அடையிற வரைக்கும் வெறும் நிலைவாசல். யாரு வேணாலும் வரலாம், யாரும் யாரையும் என்ன சாதி, என்ன சனம்னு கேக்கப்படாது. பொழுது அடைஞ்சப்புறம்தான் ஆசாரி கதவைத் தூக்குவாரு. வெளியூருக்காரவுக பாத்துட்டு, "என்னய்யா, கதவு வாங்கக் காசு பத்தலையா?"ன்னு கேலி பண்ணுவாக. பண்ணட்டும்.

அந்த வீடு இன்னும் இருக்கு. ஓலை போயி ஓடு வந்திருக்கு, தரை மாறியிருக்கு. நிலையில குடுமி சுத்தின குழி இருக்கு, கதவு மட்டும் இல்ல. கதவெரிச்ச வீடுன்னு கேட்டா யாருன்னாலும் கை காட்டுவாக. போனா, வாசல்ல நின்னுக்கிட்டு "வீட்டுல யாரு?"ன்னு கொரல் குடுக்காதீக. அந்த வீட்டுல அது பழக்கமில்ல. நேரா உள்ள போங்க.