குமுதா வந்தால் கட்டில் நிறையும்

ரஞ்சனி: ...மொதல்ல சாப்பிடு. தோசை ஆறிப் போச்சு.

குமுதா: இல்ல ரஞ்சனி, முடிவு பண்ணிட்டேன். ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் ஏறுறதுக்கு முன்னாடி வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் உஷாராணிகிட்ட சொல்லிடுவேன். வேற வார்டுக்கு மாத்திடுங்கன்னு.

ரஞ்சனி: ஏன், எங்க மூஞ்சியெல்லாம் சலிச்சுப் போச்சா?

குமுதா: என் ராசிதான். நான் டியூட்டிக்கு வந்தா கிள்ளான்ல இருக்குற நோயாளி எல்லாம் என்னைத் தேடியே வர்றாங்க. லிஃப்ட் தொறந்தா இன்னொரு ஸ்ட்ரெச்சர்...

ரஞ்சனி: அது சும்மா கேலி லா. எல்லா ஆஸ்பத்திரியிலயும் ராசியில்லாத நர்ஸ் ஒருத்தி இருப்பா, 'ஜோனா'ன்னு பேரு வைப்பாங்க. நம்ம வார்டுக்கு நீ.

குமுதா: மொதல்ல நானும்தான் சிரிச்சேன். நேத்து நம்ம அட்டெண்டர் யுவராஜ் என்னைப் பாத்ததும், "ஜோனா வந்தாச்சு, ஓடுங்க"ன்னான். எல்லாரும் சிரிச்சீங்க. நீதான் ரொம்ப சத்தமா.

ரஞ்சனி: ...அவன் ஓடுன லட்சணம் அப்படி. செருப்பு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

குமுதா: சிரிப்புக் காட்டாத. நான் கோவமா இருக்கேன்.

ரஞ்சனி: கோவமா இருக்குறவ ஏன் என் வடையை எடுக்குறே?

குமுதா: பசிக்குது! ...போன வாரம் லீவுல காப்பார்ல அம்மா வீட்டுக்குப் போனேனே, அப்ப வார்டு காத்தாடுதுன்னு நீதானே மெசேஜ் போட்டே? "காலை நீட்டி மைலோ குடிக்கிறோம், நல்லா தூங்கு"ன்னு. அப்பவே புரிஞ்சுடுச்சு. நான் இல்லேன்னாதான் எல்லாருக்கும் நல்லது.

ரஞ்சனி: ஐயையோ.

குமுதா: என்ன ஐயையோ?

ரஞ்சனி: அது... பொய்டி.

குமுதா: எது?

ரஞ்சனி: மைலோ. காலு. எல்லாமே. வராந்தாவுலகூட கட்டில் போட்டோம். மத்தியானச் சோத்தை சாயங்காலம் நின்னுக்கிட்டே தின்னேன். உண்மையைச் சொன்னா நீ லீவை விட்டுட்டு ஓடி வந்துருவேன்னுதான்...

குமுதா: அப்ப, நான் இல்லாமலே நெறைஞ்சுதா?

ரஞ்சனி: வழிஞ்சுது! ராசியாவது மண்ணாவது. ஆறு பேரு வேலையை மூணு பேரு பாக்குறோம். பழி மட்டும் உன் தலையில.

குமுதா: அடிப்பாவி! அந்த மைலோவை நெனச்சு நெனச்சு அழுதேன்டி நான்!

ரஞ்சனி: இப்ப சிரிக்கிறியா, அழுவுறியா? பக்கத்து மேசை அங்கிள் பயப்படுறாரு.

குமுதா: பயப்படட்டும்! ...ஆனா ரஞ்சனி, ராசி பொய்யாவே இருக்கட்டும். எனக்கு முடியலங்கிறது நெஜம்டி. லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை வந்தேன்ல? கார் பார்க்ல வண்டியை நிறுத்திட்டு எறங்கவே முடியல. ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டே...

ரஞ்சனி: தெரியும். அதனாலதான் சொல்றேன், வார்டு மாத்தச் சொல்லிக் கேக்காத. சிஸ்டர் தினமும் கேக்குறாங்க, "முடியலன்னா சொல்லுங்க, திட்ட மாட்டேன்"னு. நாமதான் கிளி மாதிரி "ஓகே சிஸ்டர், ஓகே சிஸ்டர்". இன்னைக்கு உள்ளதைச் சொல்லுவோம். நம்ம ரெண்டு பேருக்கும் முடியலன்னு.

குமுதா: ரெண்டு பேருக்குமா? உனக்கென்ன, நாள் பூரா ஈன்னு பல்லைக் காட்டிக்கிட்டு... இரு, இரு. ஞாயித்துக்கிழமை கதை உனக்கெப்படித் தெரியும்?

ரஞ்சனி: உன் காருக்குப் பின்னாடிதான் என் காரு. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.

குமுதா: பாத்துட்டும் வந்து கண்ணாடியைத் தட்டலையா நீ?

ரஞ்சனி: தட்டணும்னா... நான் என் கார்லேருந்து எறங்கணுமே லா.