நடுவில் வைத்த கணினி

ரவுட்டர் வேலை செய்யவில்லை என்று யார் கூப்பிட்டாலும், நான் முதலில் கேட்பது கரண்ட் வயர் ஒழுங்காகச் செருகியிருக்கிறதா என்பதைத்தான். பாதிப் பேர் வயரைப் பார்த்துவிட்டு, ஒரு மாதிரிச் சிரித்து போனை வைத்துவிடுவார்கள். ஆட்கள் எப்போதும் பெரிய காரணத்தைத் தேடுகிறார்கள். நீங்களும் அப்படித் தேடுகிறீர்கள் என்று தெரிகிறது, ஐயா. அப்படிப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறுதலாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் கொலின். மட்டக்களப்பு டச்பார் கடற்கரையில் பிறந்த பறங்கி, பழைய போர்த்துக்கேயர் வழி. அப்பா தச்சு வேலை, எனக்கு வயர் வேலை. சுனாமி வந்த ஞாயிறு காலை நான் டச்பாரில் இல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர்களைத் திருப்பிக் கொடுக்க டவுனுக்குப் போயிருந்தேன். என் மனைவி ஜிலியன் வீட்டில் இருந்தாள். அதன்பின் சில நாள், அவளைக் கண்டதாக ஆட்கள் சொன்னார்கள். ஒருவர் வைத்தியசாலையில் கண்டார், இன்னொருவர் ஏதோ பள்ளிக்கூட முகாமில் கண்டார். நான் தேடித் திரிந்தேன், சாப்பிட்டேன், குளித்தேன், அவள் வந்தால் படுக்க ஒரு பாய்கூட வாங்கி வைத்தேன். பிறகு என் ஒன்றுவிட்ட தம்பி மல்கம் வந்து கையைப் பிடித்து, “கொலின், புதைக்கிற இடத்தில நான் அவளக் கண்டன்” என்றான். மல்கத்துடன் நான் இன்றுவரை பேசுவதில்லை. அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொல் என்று நான் அவனைக் கேட்கவும் இல்லை.

அடுத்த வருடம் ஒரு வெளிநாட்டு நிறுவனம் தேற்றாத்தீவு ஊரில் தகவல் நிலையம் ஒன்றைக் கட்டியது. நாலு கணினி, ஒரு பிரிண்டர். அங்கே இணையத்துக்கு ஏற்ற போன் லைன் இல்லை, பக்கத்து ஊரான களுவாஞ்சிகுடியில் இருந்தது. எனக்குப் பயிற்சி தந்து, களுவாஞ்சிகுடியில் ஒரு மாடி அறையும் தந்து, இணைப்பை அங்கிருந்து கொண்டுபோகச் சொன்னார்கள். இரண்டு கூரையிலும் கம்பம் நட்டு, ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி அன்ரனா பூட்டினேன். மோடத்தை பிரிட்ஜாக மாற்றினேன்.

பிரிட்ஜ் என்றால் என்ன என்று கேட்டீர்கள். கல்லடிப் பாலத்தை நினையுங்கள். பாலம் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. பாலத்தடியில் இருந்த சோதனைச் சாவடிதான் கேட்டது. மோடம் பாலம். ரவுட்டர் சாவடி. எது உள்ளே வரலாம், எது எந்தப் பக்கம் போகலாம் என்று அதுதான் முடிவெடுக்கும். ரவுட்டராக நான் ஒரு பழைய கணினியை வைத்து, அதில் இரண்டு நெட்வேர்க் கார்ட் பூட்டினேன். ஒன்றில் மோடம், மற்றதில் அன்ரனா.

நடுவில் தென்னைகள். சோளகக் காற்று அடித்து ஓலை ஆடினால் இணைப்பு அறுந்துவிடும். அதனால் ஊருக்கு வரும் மின்னஞ்சலை எல்லாம் முதலில் என் கணினி இறக்கி வைத்துக்கொள்ளும், காற்று அடங்கியதும் தேற்றாத்தீவுக்குத் தள்ளிவிடும். ஊரிலிருந்து போவதும் அப்படித்தான். இது களவு வேலை இல்லை. அந்தக் காற்றுக்கு வேறு வழி இல்லை. நிறுவனத்தார் கைதட்டினார்கள்.

ஆனால் வந்து சேர்வதற்கும் தள்ளிவிடுவதற்கும் இடையில் எல்லாக் கடிதமும் என் மேசையில் இருந்தன.

நான் முதலில் நிறுத்தியது இளையதம்பி ஐயாவுக்கு வந்த கடிதம். வாவியில் வீச்சுவலை போடுகிறவர். சுனாமியில் மனைவியைக் காணவில்லை. நினைவு தப்பி எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று நம்பினார். ஒரு நிவாரண அலுவலகம் படத்துடன் எழுதியிருந்தது. படத்தில் இருந்தது உயிருள்ள ஆள் இல்லை. நான் அதைத் தள்ளிவிடவில்லை. அவ்வளவுதான் செய்தேன். அவர் ஒவ்வொரு கிழமையும் நிலையத்துக்கு வந்து, அங்கே கணினியில் இருக்கிற பெண்ணிடம் “ஒண்டும் வரல்லியா புள்ள” என்று கேட்டுவிட்டுப் போனார். புது வீட்டில் அவளுடைய உயரத்துக்கு ஏற்றபடி அடுப்பு மேடை கட்டினார். நெஞ்சு வலியில் இறக்கும்வரை நன்றாகத் தூங்கினார் என்று சொன்னார்கள். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மல்கம் எனக்குச் செய்யாததை நான் ஒருவருக்குச் செய்திருக்கிறேன்.

அதன்பிறகு கெட்ட செய்திகளை ஒரு பக்கத்தில் வைக்க ரவுட்டருக்கே சொல்லிக் கொடுத்தேன். சில சொற்கள் இருந்தால் கடிதம் நிற்கும், நான் பார்ப்பேன். எல்லாவற்றையும் நான் நிறுத்தவில்லை. தாங்கக்கூடியவர்களுக்கு விட்டேன்.

இனி அன்னப்பூரணி அக்காவின் விஷயம். அதற்காகத்தானே என்னைப் பொலிஸுக்குக் கொண்டுவந்தீர்கள்.

தேற்றாத்தீவு நிலையத்தை நடத்தியது அக்காவின் மகள் தனுஷா. மகன் பிரதீஸ். றோட்டில் இளம் பெடியன்களைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போன காலத்தில், அக்கா அவனை ஒரு ஏஜென்சிக்காரனிடம் ஒப்படைத்து பிரான்சுக்கென்று அனுப்பிவிட்டா. தாய்லாந்தில் இருந்து சில கடிதம் போட்டான், பிறகு ஒன்றும் இல்லை. ஒருநாள் தனுஷா போனில் சொன்னாள்: “கொலினண்ண, லைன்ல ஏதும் பிழையா? அண்ணன்ட கடிதம் ஒண்டும் வருதில்ல. அம்மா சோறு தின்னுறாவில்ல.”

லைனில் பிழை இல்லை. ஆனால் ஒரு மனுஷி சோறு தின்னாமல் இருக்கிறா. நான் அவனுடைய பழைய கடிதங்களைப் படித்தேன், அவன் எழுதுகிற விதம் பிடிபட்டது. பிரான்சுக்கு வந்து சேர்ந்துவிட்டேன், உணவகம் ஒன்றில் வேலை, சுகம் என்று சின்னதாக எழுதினேன். அவனுடைய மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்ததாகக் காட்டுவது கஷ்டமான வேலை இல்லை. அடுத்த நாள் அக்கா சோறு தின்றா.

வெள்ளிதோறும் அவ சொல்லச் சொல்ல தனுஷா பதில் எழுதுவாள். “மனே, சாப்பிட்டியா? குளிருக்குத் தலையில துணி கட்டு. பாண் மட்டும் தின்னாத.” நான் மாடியறையில் இருந்து அதை மறித்துப் படிப்பேன். பிறகு அன்றைக்குக் கொஞ்சம் நன்றாகச் சமைத்துச் சாப்பிடுவேன். லைனைப் பார்த்துக்கொள்கிற தம்பிக்கு என்று அவ எருமைத் தயிர் ஒரு சட்டி பஸ்ஸில் கொடுத்துவிடுவா. ஜிலியனுக்குப் பிறகு என்னைச் சாப்பிட்டாயா என்று யாரும் கேட்டதில்லை. இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. நான் செய்தது அவவுக்காக.

சண்டை முடிந்தது எனக்குப் பெரிய தொல்லையாகப் போய்விட்டது. ஊரில் சந்தோஷத்தில் பாற்சோறு கொடுத்தவர்களும் இருந்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டு அழுதவர்களும் இருந்தார்கள். அக்கா ஒன்றே ஒன்றைத்தான் சொன்னா: “இனி ஆரும் புடிக்க மாட்டாங்க மனே. வா.” வாரா வாரம் அதே கடிதம். விசா இல்லை, லீவு இல்லை, போன் பேச வசதி இல்லை, முதலாளி விடமாட்டான் என்று நான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் உண்மையான பிரதீஸின் கடிதம் வந்து என் கணினியில் நின்றது.

தாய்லாந்தில் ஒரு தடுப்பு முகாமில் இருந்தான். அங்கே வந்துபோகிற ஒரு தொண்டர் பெண் அவனுக்காக எழுதியிருந்தாள். படமும் இருந்தது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. நெஞ்சுச் சளி முற்றிவிட்டதாம். ஊருக்கு அனுப்பத் தயார், ஆனால் கையில் எந்தப் பத்திரமும் இல்லை. இவன் எங்கள் பிள்ளை என்று வீட்டார் ஒரு வரி எழுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்பினால் போதும். கடைசியில் அவனே சொல்லி எழுதிய ஒரு வரி இருந்தது: ‘அம்மாக்கிட்டச் சொல்லுங்க, நான் எங்கயும் போகல்ல, இஞ்சதான் இரிக்கன்.’

நான் நீண்ட நேரம் யோசித்தேன். மனச்சாட்சி இல்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கடிதத்தை விட்டால் என்ன நடக்கும்? இத்தனை வருடம் எழுதியது யார் என்று அக்கா கேட்பா. பிரான்சில் கோட்டுப் போட்டுக்கொண்டு, சம்பளம் கூடி, சிரித்துக்கொண்டிருந்த மகன் ஒரே நாளில் இல்லாமல் போய்விடுவான். அவனுக்குப் பதிலாக இருமிக்கொண்டு ஓர் எலும்புக்கூடு வரும், வந்தும் பிழைப்பது நிச்சயம் இல்லை. அவவுக்கு இரண்டு மகன்கள் இருந்தார்கள். நான் சுகமாக இருந்தவனைத் தெரிவு செய்தேன்.

அந்தப் பெண் மறுபடியும் எழுதினாள். பிறகு இன்னொரு முறையும் எழுதினாள், அதில் கொஞ்சம் கோபம் இருந்தது. வீட்டில் யாரும் இல்லையா, இந்தப் பிள்ளை யாருக்கும் வேண்டாமா என்று கேட்டிருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. கடைசிக் கடிதத்தில் கோபம் இல்லை, எங்கே அடக்கம் செய்தார்கள் என்று மட்டும் இருந்தது. அது கெட்ட செய்தி. கெட்ட செய்திகள் போகிற இடத்தில் அதையும் வைத்தேன். அன்று மாலை பிரதீஸாக இருந்து, இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது, அழகாக இருக்கிறது என்று அம்மாவுக்கு எழுதினேன்.

பிடிபட்டது ஒரு சின்னப் பிழையால். அது பிழை என்று ஒத்துக்கொள்கிறேன்.

வரமுடியாவிட்டால் கலியாணத்துக்காவது சரி சொல்லு, பெண்ணை அங்கே அனுப்புகிறேன் என்று அக்கா பிடிவாதமாக நின்றா. கலியாணப் பேச்சு என்றால் ஒரு வருடம் இழுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. யாரைப் பிடித்திருக்கிறது என்று கேட்டிருந்தா. அவவுடைய கடிதங்களில் அடிக்கடி வருகிற பெயர் தனுஷியா. தனுஷா இல்லை, இவள் சின்னம்மாவின் மகள், அதாவது அக்காவின் கூடப்பிறந்த தங்கச்சியின் பிள்ளை. கெட்டிக்காரி, அக்காவுக்கு உயிர். தமிழ் ஆட்கள் மச்சாள் முறையில் கட்டுவார்களே என்று நினைத்து, ‘தனுஷியாவைக் கேளுங்கம்மா, எனக்குச் சின்னனிலிருந்தே விருப்பம்’ என்று எழுதிவிட்டேன். டச்பாரில் எங்களுக்குக் கசின் என்றால் கசின்தான். மாமி மகள் மச்சாள், சின்னம்மா மகள் தங்கச்சி என்று நாங்கள் பிரித்துப் பார்த்துப் பழக்கமில்லை. மட்டக்களப்பில் குடி என்பது தாய் வழியால் வருவது, ஒரே குடிக்குள் பெண் எடுப்பதை நினைக்கவே மாட்டார்கள். கேள்விப்பட்ட விஷயம்தான். எழுதும்போது நினைவுக்கு வரவில்லை.

தனுஷா அதை வாசித்துக் காட்டினாளாம். அக்கா அந்தப் பக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “இது என்ட புள்ள இல்ல” என்றாவாம்.

தனுஷா அன்றைக்கே பஸ் ஏறி என் மாடியறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணன் தங்கச்சியக் கேப்பானா, கொலினண்ண?”

“வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு முறையெல்லாம் மறந்து போகும்” என்றேன்.

அவள் மோடத்தைப் பார்த்தாள். அதிலிருந்து வயர் என் கணினிக்குள் போவதையும், அங்கிருந்து அன்ரனாவுக்குப் போவதையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “எங்களுக்கு வாறதெல்லாம் இதுக்குள்ளால தானே வருது?” என்று கேட்டாள். ஓம் என்றேன். அவளுக்கு நான்தான் இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவன், பொய் சொல்ல மனம் வரவில்லை. அவள் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நான் ஒதுக்கி வைத்த கடிதங்களைத் திறந்தாள். தமையனின் படத்தில் அவளுடைய கை நின்றது. நான் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை. பிறகு நீங்கள் வந்தீர்கள்.

ஆகவே ஓம் ஐயா, எல்லாம் நான்தான். பிரதீஸ் உயிரோடு இருந்தபோது அவனுடைய கடிதத்தை மறித்தவன் நான். ஒரு வரி போயிருந்தால் அவன் வந்திருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். நான் கையெழுத்து வைக்கிறேன்.

வெளியே வாங்குப் பலகையில் அன்னப்பூரணி அக்கா இருக்கிறா. அவவின் அழுகை இங்கே கேட்கிறது. இத்தனை வருடத்தில் நான் அவவை ஒருநாளும் அழவிட்டதில்லை. தனுஷா ஒரு நாளில் அழவைத்துவிட்டாள். எனக்கு அது தாங்கவில்லை. உங்களிடம் ஒரே ஓர் உதவி கேட்கிறேன். அந்த மேசையில் இருக்கிற கணினியைக் கொஞ்ச நேரம் தாருங்கள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. தங்கச்சியைக் கேட்டது பிழை என்று பிரதீஸ் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் மகன் கெட்டுப்போனான் என்றல்லவா அவ நினைத்துக்கொள்வா.