மூன்றாவது தடவை கேட்டபோது

எங்கள் ஆய்வு அறையில் நாற்காலியை மட்டும் குறை சொல்ல முடியாது, சார். நானே கடைக்குப் போய் உட்கார்ந்து பார்த்து வாங்கியது. முதுகு நன்றாகச் சாய்ந்தால் மனுஷருக்கு வாய் தானாகத் திறக்கும்.

சின்ன வயதில் பள்ளியில் பட்ட கொடுமையைப் பெரியவர்கள் எவ்வளவு சரியாக நினைவு வைத்திருக்கிறார்கள் என்று அளப்பது என் வேலை. ஒரே கேள்விகளை மாதம் ஒருமுறை, மூன்று தடவை கேட்பேன். பதில் மாறுகிறதா என்று பார்ப்பேன்.

அந்தத் தையல்கடைக்காரி வந்து உட்கார்ந்ததும் பேர் சொல்ல வாயெடுத்தாள். திக்கியது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பள்ளியில் அவளுக்கு 'ரிப்பேர் ரேடியோ' என்று பட்டப்பேர் வைத்தவளே நான்தான். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. முப்பது வருஷம், கண்ணாடி, நரை.

"விளையாட்டுச் சாமான் ரூம்ல வச்சுப் பூட்டிட்டாங்க மேடம். பெரிய கிளாஸ் அக்கா ஒருத்தங்க. மு... முகம் மறந்துபோச்சு. குரல் கேட்டா கண்டுபிடிச்சிடுவேன்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

விடைகளைப் பென்சிலில்தான் எழுதச் சொல்வோம். அவள் தாளில் நாலு இடத்தில் அழித்து எழுதி, அடுத்த மாதம் அவளிடமே நீட்டினேன்.

"பூட்டினது நீங்கதான்னு போன தடவை சொன்னீங்களே?"

"நா... நானா?"

"கீழ உங்க கையெழுத்துதானே?"

நான் வற்புறுத்தவில்லை. தண்ணீர் கொடுத்தேன். செய்தவர்களே தங்களைப் பட்டவர்களாக நினைத்துக்கொள்வது சகஜம் என்று ஆறுதல் சொன்னேன். வாரம் தவறாமல் போன் செய்து விசாரித்தேன். மூன்றாவது தடவை அவளே ஆரம்பித்தாள். உள்ளே இருந்த பெண் எப்படி அழுதாள், தாழ்ப்பாள் கைக்கு எவ்வளவு சில்லென்று இருந்தது, எல்லாம் சொன்னாள். ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. அதைக் குறித்துக்கொண்டேன். ஆய்வுக்கு அது முக்கியமான தகவல்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கும் மேடம்? கால்ல விழணும்."

"உயிரோட இருக்காளான்னே தெரியலையே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பத்து நாளில் அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு அவள் எழுதிய மன்னிப்புக் கடிதம் உங்கள் ஸ்டேஷன் மேசையில் இருக்கிறது. அவள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்: அவள் யாரையும் பூட்டவில்லை. பூட்டியது நான். தாளில் அழித்து எழுதியதும் நான். அன்றைக்கு மத்தியானம் பூராவும் அந்தக் கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்தேன். "அக்கா, அக்கா" என்று அவள் கதறியது நன்றாகவே கேட்டது. அந்தப் பள்ளியில் எத்தனையோ அக்காக்கள், சார். என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரிந்திருந்தால் திறந்திருப்பேன்.