மரியாதையாகப் பேசிய வீட்டுக்காரர்

பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் சிரித்துச் சிரித்துப் பேசினாள்.

“எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு என்னைய ஏசவே இல்லக்கா. ‘வாங்கம்மா, ஒக்காருங்க, நீங்க எந்தத் தோட்டத்து ஆளு?’னு கேக்குறாரு. கல்யாணம் கட்டுன நாள்லேர்ந்து இப்பதான் எனக்கு மரியாத.”

“குடிச்சிருந்தாரா?”

“ஈரல் சுருங்கிருச்சுன்னதுமே குடிய விட்டுட்டாரு. வயித்துல தண்ணி மட்டும் கட்டியிருக்கு. நேத்து வயிறு வலிக்குதுன்னாரு. ஆனா காச்சல் இல்ல, அதான் மகள வீட்டுல பாத்துக்கச் சொல்லிட்டு டவுனுக்கு வந்தேன். அப்புடியே ஒரு சேலயும் எடுத்தேன், பாருங்க.”

மற்றவள் சேலையைப் பார்க்கவில்லை.

“எந்தம்பிக்கும் இதே ஈரல் நோய்தான். அவனும் கடைசியில என்னைய யாருன்னு கேட்டான். வயித்துத் தண்ணியில கிருமி ஏறிருச்சு, காச்சல் இல்லாமயே ஏறும், புத்தி தடுமாறுனப்பவே கொண்டாந்திருக்கணும்னு டொக்டர் சொன்னாரு. மகளுக்குப் போனப் போடும்மா. ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லு.”

ஜன்னலோரத்தவள் போனைக் காதில் வைத்தாள்.

“அப்பா தூங்குறாரா? தூங்கட்டும்னு நான் சொன்னது காலையில. இப்ப எழுப்பு புள்ள. நல்லா உலுக்கு.”

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உலுக்கியும் கண்ணு தொறக்கலயா?”